ஆளில்லாத் தீவுகள் ஆளில்லாமலே இருக்கட்டும்

கர்நாடகத்தின் கடற்கரை 300 கி.மீ.யைச் சற்றே தாண்டும். தென் கன்னடம், உடுப்பி, உத்தர கன்னடம் என மூன்று மாவட்டங்களில் அடங்கிவிடும் இந்தக் கரைக்கு எதிரே, குடியில்லாத சிறு தீவுகள் பல உண்டு. வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டுப் போவது இரண்டுக்குத்தான். மல்பெ மீன்பிடித் துறைமுகத்துக்கு நேரே கடலில் கிடக்கும் செயின்ட் மேரீஸ் தீவுகள் ஒன்று. முருடேஸ்வரிலிருந்து ஏறக்குறைய 19 கி.மீ. தொலைவில் தனித்து நிற்கும் நேத்ராணி மற்றொன்று.

செயின்ட் மேரீஸ் என்பது ஒரே தீவு அல்ல. தேங்காய்த் தீவு, வடக்குத் தீவு, தரியா பகதூர்கட், தெற்குத் தீவு என முக்கியமானவை நான்கு. வடக்கு தெற்காகக் கரைக்கு இணையாக வரிசை கட்டி நிற்பதால், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மல்பெ கரையை நோக்கி வரும் அலைகளின் வேகத்தை இவை முதலில் வாங்கிக்கொள்கின்றன. ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்த காலத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பு இறுகி, பட்டை தீட்டிய தூண்களாக நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கல்லுக்குக் கிடைத்த இந்த மரியாதை, அதன்மேல் வாழும் பறவைக்கும் நண்டுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

நேத்ராணியின் கதை வேறு. செங்குத்தான பாறைகளும் மேலே அடர்ந்த மரங்களும் அடியில் குகைகளுமாக நிற்கும் தீவு இது. பவளங்கள், வண்ண மீன்கள், கடலாமைகள், எப்போதாவது திமிங்கிலச் சுறா எனச் சுற்றியுள்ள நீரும் வளமானது. பழைய ஆங்கில வரைபடங்களில் ‘புறாத் தீவு’ என்ற பெயரில் இருக்கும் இதைப் பற்றிப் பறவையியலாளர் தாமஸ் ஜெர்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிட்ட இரண்டு பறவைகள்தாம் இன்றைக்கும் இத்தீவின் அடையாளம். ஒன்று வெண்வயிற்றுக் கடற்கழுகு. மற்றது உமிழ்நீரால் கூடு கட்டும் இந்திய உழவாரன். பிற்காலத்தில் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகவும் நேத்ராணி பயன்பட்டது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். குண்டுக்கு எதிராக எழுந்த அந்தக் குரல், சுற்றுலாப் படகு வந்தபோது ஏனோ மெலிந்துவிட்டது.

படகுகளை நிரப்புவதில் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை பஞ்சகங்கா விரைவு ரயிலில் ஏறினால் மறுநாள் காலையில் உடுப்பியிலோ முருடேஸ்வரிலோ இறங்கிவிடலாம். இரவுப் பேருந்துகளுக்கும் குறைவில்லை. நீச்சலே தெரியாதவரையும் ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு பவளத்தின்மேல் மிதக்கவைப்பதாக விளம்பரங்கள் அழைக்கின்றன. கொள்கை வகுக்கப்படுவதும் இதே நகரத்தில்தான். மாநில அரசின் 2024–29 சுற்றுலாக் கொள்கை, கடற்கரைச் சுற்றுலாவையும் சாகசச் சுற்றுலாவையும் முதலீட்டுக்குரிய துறைகளாக முன்வைத்து, முதலீட்டாளருக்கு மானியமும் தருகிறது. மத்திய அரசின் 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முன்பே தன் பங்கைச் செய்துவிட்டது. கரையை ஒட்டிய தீவுகளில் கட்டடம் கட்டக்கூடாத பகுதி 20 மீட்டராகச் சுருங்கியது. மிகுந்த சூழல் முக்கியத்துவம் உள்ள இடங்களிலும் ‘சூழல் சுற்றுலா’ என்ற பெயரில் நடைபாதைக்கும் மரக்குடிலுக்கும் வழி திறந்தது. இரண்டு ஆவணங்களையும் சேர்த்துப் படித்தால், தீவு என்பது இனி காலியாகக் கிடக்கும் மனை என்ற பொருள்தான் கிடைக்கிறது.

தீவுப் பறவைகளின் நாட்காட்டியையும் சுற்றுலாவின் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகுகள் ஓடுவதில்லை. மழை ஓய்ந்து நீர் தெளியும்போது பருவம் தொடங்கி மே வரை நீள்கிறது. மேற்குக் கரையில் வெண்வயிற்றுக் கடற்கழுகு அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில்தான் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கிறது. உயர்ந்த மரத்தில் பருத்த சுள்ளிகளால் கட்டிய அதே கூட்டை ஆண்டுதோறும் செப்பனிட்டுப் பயன்படுத்தும் பறவை அது. நினைத்த இடத்துக்குக் குடிபெயரக்கூடியது அல்ல. அடை காக்கும் கழுகு ஆள் அரவத்துக்கு அஞ்சி எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் வேகிறது, அல்லது காக்கைக்கு இரையாகிறது. காக்கையைத் தீவுக்குப் பழக்குவதும் மனிதர் சிந்தும் சோறும் நொறுக்குத்தீனியும்தான்.

உழவாரன்களின் நிலை இன்னும் இக்கட்டானது. இருட்டுக் குகையில் எதிரொலியைக் கொண்டு வழி கண்டுபிடிக்கும் இந்தச் சிறு பறவைகள், பாறைச் சுவரில் கூட்டம் கூட்டமாகக் கூடு ஒட்டுகின்றன. அந்தக் கூடுகளுக்கு வெளிநாட்டில் விலை உண்டு. மகாராஷ்டிரத்தின் வெங்குர்லா பாறைத் தீவுகளில் இதே பறவையின் கூடுகள் திருட்டுத்தனமாகப் பெயர்த்து விற்கப்பட்டு, பிடிபட்டவர்கள்மீது வழக்கும் நடந்தது. நடமாட்டம் பெருகினால் யார் டைவிங் வந்தவர், யார் கூடு பெயர்க்க வந்தவர் என்று பிரித்தறியக் காவலுக்கு யாரும் அங்கே இல்லை.

செயின்ட் மேரீஸில் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தே நடக்கிறது. அங்கே கரையின் பெரும்பகுதி மணல் அல்ல, சிப்பி. அலை கொண்டுவந்து சேர்க்கும் சிப்பியும் சங்கும் நொறுங்கித்தான் அந்தக் கரை உருவாகிறது. துறவி நண்டுகளுக்கு அதுவே வீடு. வருகிறவர்கள் ஆளுக்கொரு கைப்பிடி அள்ளிச் செல்கிறார்கள். ஒருவர் எடுப்பதில் ஒன்றுமில்லை. ஒரு பருவம் முழுவதும் வந்துபோகிற கூட்டம் எடுத்தால் கரையே மெலியும். மனித உயிருக்கும் அங்கே பாதுகாப்பில்லை. 2022 ஏப்ரலில் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் பாறையோரத்தில் அலையில் சிக்கி இறந்தனர். அதற்குப் பிறகு காவலும் வேலியும் பேசப்பட்டன. எத்தனை பேரை இறக்குவது என்ற கேள்வி மட்டும் பேசப்படவில்லை.

சுற்றுலாவின் ஆதரவாளர்களிடம் மூன்று பதில்கள் தயாராக உள்ளன. நேத்ராணிக்கு வருவோரில் பெரும்பாலோர் தீவில் ஏறுவதில்லை, படகிலிருந்து நீரில் இறங்கித் திரும்பிவிடுகிறார்கள் என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் குகை வாயிலின் கீழே எந்திரம் ஓடும் படகு நிற்பதும் தீவில் ஏறுவதும் பறவைக்கு ஒன்றே. பவளத்தின்மேல் விழும் நங்கூரத்துக்கும், முதல் முறை துடுப்புச் செருப்பு மாட்டியவரின் உதைக்கும் இந்தப் பதிலில் இடமே இல்லை. பார்த்தால்தான் மக்களுக்குப் பற்று வரும் என்பது இரண்டாவது. நந்தி மலையில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கிய கூட்டம் அந்த மலைக்கு என்ன செய்தது என்பதைக் கண்ட பெங்களூர்வாசியிடம் இந்த வாதம் எடுபடாது. மூன்றாவது பிழைப்பு. படகோட்டிகளும் பயிற்றுநர்களும் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை கர்நாடகத்தில் இல்லை, மன்னார் வளைகுடாவில் இருக்கிறது.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரைக்கு இணையாக 21 தீவுகள். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகக் கிடக்கும் அவை அத்தனையும் குடியில்லாதவை; பவளப்பாறைத் திட்டுகள் சூழ்ந்தவை. 1986இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன; 1989இல் அவற்றை உள்ளடக்கி 10,500 சதுர கி.மீ. பரப்பில் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளம் வெட்டியெடுக்கப்பட்டது. 2001இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்த பிறகே அது அடங்கத் தொடங்கியது. அதற்குள் இரண்டு தீவுகள் போய்விட்டன. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லியும் இன்று நீருக்கடியில். வான் தீவு கரைந்து சிறு திட்டாகிப்போனதால், அதைக் காக்கக் கடலுக்குள் செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்க வேண்டியதாயிற்று. அடுத்த கவலை கரியசல்லி.

பூங்கா வந்ததும் தீவுகளில் கால் வைக்கக் கூடாது என்றானது. அந்தத் தடை யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் பெங்களூரில் கொள்கை எழுதுகிறவர்கள் படிக்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்துப் பிழைத்த பாம்பன் பகுதிப் பெண்களின் தலையில் விழுந்தது. கிழிந்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்தவர்கள் அவர்கள். தலைமுறைகளாகத் தீவோரத்தில் வேலை செய்தவர்கள் ஒரே அறிவிக்கையில் குற்றவாளிகள் ஆனார்கள்; படகு பறிபோனது, அபராதம் கட்டினார்கள். அப்படியும் பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக மாதத்துக்கு 12 நாள் மட்டுமே பறிப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்கியவர்களுக்குத் தீவு மூடப்பட்டது. அந்தப் பெண்களிடம் பிழைப்பைப் பற்றிக் கேட்காத அரசுகள், வாரக்கடைசி விருந்தினருக்காக இப்போது பிழைப்பு பேசுகின்றன.

தமிழ்நாட்டு வனத்துறையும் இதில் குற்றமற்றதல்ல. பாசிப் பெண்களுக்கு மூடிய கதவைக் குருசடைத் தீவில் சுற்றுலாப் படகுக்குத் திறந்திருக்கிறது. உயிரியல் மாணவர்களின் சொர்க்கம் என்று பேர் வாங்கிய தீவு அது. இந்தத் திறப்பு ஒன்றைத் தவிர்த்துப் பார்த்தால், மன்னார் வளைகுடா சொல்லும் பாடம் தெளிவானது: தீவை மூட முடியும், மூடிய பிறகும் கரையில் வாழ்க்கை நடக்கும். 2004 ஆழிப்பேரலையின்போது ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகள் பெரும் அழிவிலிருந்து தப்பியதில் இலங்கையின் மறைப்போடு இந்தத் தீவுகளுக்கும் பவளத் திட்டுகளுக்கும் பங்குண்டு என்று கடலோர மக்கள் நம்புகிறார்கள். மல்பெக்கு எதிரே நிற்கும் பாறை வரிசையைக் கர்நாடகம் அந்தக் கண்ணோடு பார்த்ததே இல்லை.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது நடவாத காரியம் என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. இதே மாநிலம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் குடியரசு நாள் விடுமுறையின்போது குமார பர்வத மலையேற்றத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டு, தடம் முழுதும் நெரிசலானது. வனத்துறை உடனே மலையேற்றங்களை நிறுத்தியது. பிறகு இணையத்தில் முன்பதிவு, ஒரு தடத்துக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்ற வரம்பு ஆகியவற்றோடுதான் மீண்டும் திறந்தது. மல்லேஸ்வரத்தில் வனத்துறைத் தலைமையகமான அரண்ய பவனில் உட்கார்ந்து மலைக்கு வரம்பு வைத்தவர்களுக்குக் கடல் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், தீவுகள் அவர்கள் கோப்பில் இல்லை என்பது. மாநிலத்தின் முதல் கடல் சரணாலயமே ஹொன்னாவர் பகுதியில் அப்சரகொண்டா–முகலி என்ற பெயரில் அண்மையில்தான் வந்தது. நேத்ராணி அதற்குத் தெற்கே, அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

நியூசிலாந்தின் ஹவுதுரு தீவு 1895 முதல் இயற்கைக் காப்பகம். அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. சீட்டு உள்ளவரின் பையும் காலணியும்கூட விதைக்காகவும் எலிக்காகவும் சோதிக்கப்படும். பூனைகளை 1980இலும் எலிகளை 2004இலும் அத்தீவிலிருந்து ஒழித்துவிட்டார்கள். மல்பெயில் படகேறும் பையில் எலி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியவை சட்டத்துக்குள்ளேயே உள்ளன. நேத்ராணியையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சரணாலயமாக அறிவிக்க வேண்டும். சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்கும் அனுமதி தர 28ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது; அந்த வாசலை நேத்ராணியின் நிர்வாகத் திட்டம் எழுத்துப்பூர்வமாக அடைத்துவிட வேண்டும். தீவில் இறங்குவது ஆய்வாளர்களுக்கு மட்டும். ஸ்கூபா டைவிங்கை ஐந்து ஆண்டுகளுக்கு முழுதாக நிறுத்தி, அதற்குள் பவளத்தின் நிலையையும் கூடுகளின் எண்ணிக்கையையும் கணக்கெடுக்க வேண்டும். பிறகு திறப்பதானால் நிரந்தர மிதவையில் கட்டிய படகிலிருந்து, அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தவிர்த்து, நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும். செயின்ட் மேரீஸில் தேங்காய்த் தீவு ஒன்றைத் தவிர மற்றவற்றை முற்றிலும் மூடிவிடலாம். தேங்காய்த் தீவிலும் குமார பர்வதத்தின் அதே 300 பேர் வரம்பு போதும்; உணவுப் பொட்டலமும் சிப்பியும் போகும்போதும் வரும்போதும் மல்பெ துறையிலேயே சோதிக்கப்பட வேண்டும். வருமானம் இழக்கும் படகோட்டிகளையும் பயிற்றுநர்களையும் இந்தத் தீவுகளின் காவலர்களாக மாதச் சம்பளத்தில் வனத்துறை எடுத்துக்கொள்ளட்டும். நீரோட்டமும் பாறையும் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சம்பளத்துக்கான பணம் சுற்றுலாக் கொள்கையின் மானிய ஒதுக்கீட்டிலிருந்து வர வேண்டும்.