உங்கள் கடிதம்: மழைக்கு எந்த அளவு டயர்?



இந்த மாதம் ஒரேயொரு கடிதத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த கடிதம். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தோடு இந்தச் சகோதரியின் குடும்பம் வவுனியாப் பக்கம் போனது. 2009 இல் கணவரை இழந்தபின் பிள்ளைகளோடு தன் தாயின் லயத்துக்கே திரும்பி வந்தவர் இவர். சீட்டுப் பணம், கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய காசு, மிச்சத்துக்கு லீசிங் என்று ஒரு பழைய ஆல்டோ கார் வாங்கியிருக்கிறார். மருமகன் ஓட்டுகிறார். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பிறகு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகும் நோயாளர்கள் என்று ஹயர் ஓடுகிறது. வீட்டில் அடுப்பெரிவது அந்தக் காரினால்தான்.

"அக்கா, நாலு டயரும் தேய்ந்துவிட்டன. மே மாத மழைக்கு முன் மாற்ற வேண்டும். மாருதி 800 டயரே போதும், ரிம் ஒன்றுதான், விலையும் குறைவு என்கிறார் கடைக்காரர். அகலமான டயர் போட்டால் ரோட்டைப் பிடிக்கும் என்கிறார் மருமகன். பனிக்கால டயர் போடு என்கிறான் தம்பி. காசு கட்டுவது நான். யார் சொல்வதைக் கேட்பது?"

சகோதரி, பதில் உங்கள் காரிலேயே எழுதியிருக்கிறது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயரின் அளவும் அடிக்க வேண்டிய காற்றின் அளவும் அதில் உண்டு. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் காரோடு வந்த கைநூலில் பாருங்கள். இப்போது ஓடும் டயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். முன்னைய சொந்தக்காரர் தவறானதைப் போட்டு ஓடியிருக்கலாம்.

ஆல்டோக்கள் பலவற்றுக்கு உரிய அளவு 145/80 ஆர்12, பக்கத்தில் 74டி. பயப்பட ஒன்றுமில்லை. 145 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 80 என்றால் அந்த அகலத்தில் 80 வீதம் டயரின் பக்கச் சுவர் உயரம், அதாவது 116 மில்லிமீற்றர். ஆர் என்பது ரேடியல். 12 ரிம்மின் அங்குலம். 74 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 375 கிலோ தாங்கும் என்று பொருள். கடைசி எழுத்து வேகத்துக்கு. நம் ரோட்டில் அந்த வேகத்துக்கு வேலையில்லை.

இனிக் கடைக்காரர் சொன்னதைப் பார்ப்போம். மாருதி 800 இல் பரவலாக ஓடுவது 145/70 ஆர்12. அகலமும் ரிம்மும் ஒன்றேதான், அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் நடுவில் உள்ள 80, 70 ஆகிவிட்டது. பக்கச் சுவர் 116 இலிருந்து சுமார் 101 மில்லிமீற்றருக்கு இறங்கும். காரின் வயிறும் அந்த அளவுக்குத் தரையை நெருங்கும். கல் பெயர்ந்து கிடக்கும் தோட்டத்து ரோட்டில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் சின்ன விடயமல்ல. அதைவிட முக்கியமானது சுமை. அந்த டயரின் குறியீடு வழக்கமாக 69, அதாவது 325 கிலோ. ஒரு டயருக்கு 50 கிலோ குறைவு என்றால் நாலுக்கும் 200 கிலோ. பிள்ளைகளை ஏற்றி, புத்தகப் பைகளையும் அடுக்கிக்கொண்டு வளைவில் இறங்கும் காருக்கு இது வேண்டாம். மிச்சம் பிடிக்கும் காசு பெரிதாகத்தான் தெரியும், எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் வேண்டாம்.

மருமகன் சொல்வது பலரும் நம்புகிற விடயம். அகலமான டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிடிக்கலாம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழை பெய்யும் விதம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கிய ரோட்டில் டயர் முதலில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் தாரைத் தொட வேண்டும். அகலம் கூடினால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும். ஒதுக்க முடியாதபோது டயர் தண்ணீரின் மேலே மிதந்துவிடும். அந்த நேரம் ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது அகல டயர் மட்காட்டில் உரசுவதும் உண்டு. உரிய அளவு கிடைக்காமல் வேறு அளவு போடத்தான் வேண்டும் என்றால், சில்லின் மொத்த உயரம் 3 வீதத்துக்கு மேல் மாறக்கூடாது, சுமைக் குறியீடு குறையக்கூடாது, ரிம்மும் அந்த அகலத்தை ஏற்க வேண்டும்.

தம்பி சொன்னது பாசத்தில் சொன்னது. அவர் இருக்கும் இடத்துக்கு அது சரி. மொன்றியல் நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 2008 ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் 2016 முதல் காப்புறுதியில் கழிவு உண்டு. சாதாரண டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். பனிக்கால டயரின் ரப்பர் மெதுவாகவே இருக்கும். அங்கேயும் அகலத்தைக் கூட்டுவதில்லை. 205/55 ஆர்16 ஓடும் கொரோலாவுக்குக் குளிர்காலத்தில் 195/65 ஆர்15 போடுவார்கள். டயர் ஒடுங்குகிறது, ரிம் சிறிதாகிறது, ஆனால் சில்லின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். ஒடுங்கிய டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். மருமகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நமக்கு அந்த டயர் தேவையில்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகள் சிலவற்றில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவது உண்மைதான். வெயில் ஏறியதும் அது போய்விடும். சூடான தாரில் பனிக்கால டயர் சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். பக்கச் சுவரில் மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருந்தால் அது பனிக்கு உரியது. தவாளிப்பு ஆழமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

கடைக்குப் போகும்போது அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருமகனோடு நீங்களும் போங்கள். அப்போது அது மாமியார் சொன்னதாக இருக்காது, கார் சொன்னதாக இருக்கும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நாலு இலக்கம் உண்டு. 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வயதாகி வெடிக்கும். அதனால் பழைய சரக்கைத் தலையில் கட்ட விடாதீர்கள். பற்றுச்சீட்டில் அளவையும் எழுதச் சொல்லுங்கள்.

நாலுக்கும் காசு போதாவிட்டால் இரண்டு புதிதாக வாங்கிப் பின் சில்லுகளுக்குப் போடுங்கள். முன்னுக்குத்தான் போட வேண்டும் என்று கடையில் வாதிடுவார்கள். வளைவில் பின் சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும், பிறகு யாராலும் திருப்ப முடியாது. ஆனால் முன்னுக்கு மிஞ்சும் இரண்டிலும் தவாளிப்பு இருக்க வேண்டும். தவாளிப்பின் அடியில் தெரியும் சின்ன மேடு 1.6 மில்லிமீற்றர் உயரம். அதுவரை தேய விட்டால் மழைக்கு உதவாது. ஒரு தீக்குச்சியைத் தவாளிப்புக்குள் விட்டு நகத்தால் அடையாளம் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்றுகிற காலம். மலை ரோட்டுக்குக் காற்றைக் குறைத்து ஓடும் பழக்கமும் வேண்டாம். காற்றுக் குறைந்த டயர்தான் தண்ணீரில் முதலில் மிதக்கும். காலையில் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள்.

முச்சக்கரவண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பஜாஜ் வண்டிக்கு 4.00-8 என்ற அளவு. 4 அங்குல அகலம், 8 அங்குல ரிம். அதில் 4 பி.ஆர்., 6 பி.ஆர். என்று இரண்டு வகை உண்டு. ஆள் ஏற்றி மலை ஏறும் வண்டிக்கு 6 கேளுங்கள். ரீபில்ட் டயரை முன் சில்லுக்கு மட்டும் போட வேண்டாம். வண்டியைத் திருப்புவது அந்த ஒரு சில்லுதான்.

லீசிங் தவணை பிந்தினால் என்ன செய்வது என்று மூன்று சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.