வேகம் வேண்டுமா, கை உணர்வு வேண்டுமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



நம் மேசைப் பந்து அணிக்கு மட்டை வாங்குவதற்கென்று முன்னாள் மாணவி ஒருவர் பதினைந்தாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறார் என்று தலைமைச் சகோதரி காலைக் கூட்டத்தில் அறிவித்தபோது, கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. கைதட்டல் அடங்கியதும் சண்டை தொடங்கிற்று. நல்ல கார்பன் மட்டை ஒன்று வாங்க வேண்டும் என்பது பெரும்பாலோர் விருப்பம். அப்படி வாங்கினால், அணியின் முதல் ஆட்டக்காரி என்ற முறையில் அது என் கைக்குத்தான் வரும். பதினொன்றாம் வகுப்பிலும் இங்கேயே படிக்கப் போகிறேன். ஆயினும் அது வேண்டாம் என்று எழுதுகிறவளும் நான்தான். பொறாமையால் எழுதுகிறாள் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

விளையாடாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். நாம் மட்டை என்று சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள். கைப்பிடியோடு கூடிய மரப்பலகையை ஆட்டக்காரர்கள் பிளேடு என்பார்கள். அதன் இருபுறமும் ஒட்டுகிற ரப்பர் வேறு. ஐந்து அல்லது ஏழு மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்ததே சாதாரண பிளேடு. அந்தத் தகடுகளுக்கு நடுவே கார்பன் இழையால் நெய்த இரண்டு அடுக்குகளைச் சேர்த்தால் அது கார்பன் பிளேடு. மொத்தக் கனத்தில் 85 விழுக்காடாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பதும், இழை அடுக்கு ஒவ்வொன்றும் 0.35 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பதும் சர்வதேச விதி. நம் நகத்தின் கனம்கூட இருக்குமோ என்னவோ! பெயர்பெற்ற வெளிநாட்டு மட்டைகளில் அந்த இரண்டு அடுக்குக்காகத்தான் விலை பத்தாயிரத்தைத் தாண்டுகிறது.

அந்த அடுக்கு செய்யும் வேலை என்ன? பந்து மட்டையைத் தொட்டு நிற்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் மரம் சற்று வளைந்து, பந்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு அனுப்புகிறது. கார்பன் விறைப்பானது, வளைவது குறைவு. ஆகவே பந்து உடனே பறந்துவிடும். மட்டையின் ஓரத்தில் பட்டாலும் வேகம் அதிகம் குறையாது. இது பெரிய நன்மை, மறுக்கவில்லை. மேசையை விட்டுத் தள்ளி நின்று ஓங்கி அடிப்பவர்களுக்கு இதைப் போல வேறில்லை. ஆனால் மரம் வளைந்து நிமிரும்போது கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு ஒரு செய்தி வருகிறதே, பந்து எவ்வளவு சுழல்கிறது, எங்கே பட்டது என்று, அந்தச் செய்தி கார்பனில் மங்கிவிடுகிறது. என் கருத்து முழுவதும் இதைப் பற்றியதுதான்.

சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு மலையிலிருந்து இறங்கிச் சென்றிருந்தோம். முதல் சுற்றிலேயே தோற்றுப்போன ஒரு பள்ளி மாணவி, என் பழைய மட்டையைப் பார்த்து இரக்கப்பட்டு, தன் கார்பன் மட்டையைக் கொடுத்தாள். பயிற்சி அடியில் நான் மெய்ம்மறந்து போனேன். என் போர்ஹேண்ட் அம்புபோலப் பாய்ந்தது. நம் பெண்கள் எல்லோரும் “அதையே வைத்து ஆடு” என்றார்கள். ஆடினேன். மெதுவாகத் தள்ள வேண்டிய பந்தெல்லாம் மேசைக்கு வெளியே போயிற்று. குட்டையாக விழ வேண்டிய பந்து எதிராளியின் தோள் உயரத்துக்கு எழும்பி ‘அடி’ என்று நின்றது. ஆட்டம் தொடங்கிய பிறகு மட்டை உடைந்தாலொழிய மாற்றக்கூடாது என்பது விதி. என்னுடையது பெஞ்சின்மேல் கிடக்க, மூன்று ஆட்டங்களிலும் தோற்றேன். முந்திய ஆண்டு நான் வென்ற பெண்ணிடம்தான்! திரும்பும்போது பேருந்தில் யாரோடும் பேசவில்லை.

நம் மலையில் பலாப்பழம் தேர்ந்தெடுப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் பாட்டி பழத்தின் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. விரலால் தட்டுவார், காதைக் கொடுப்பார், அவ்வளவுதான். பிளேடையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரப்பர் ஒட்டாத பலகைமேல் பந்தைத் துள்ள விட்டுக் கேளுங்கள். ஒலி கீச்சென்று உயர்ந்திருந்தால் அது விறைப்பானது, வேகமானது. ஒலி தாழ்ந்து மெத்தென்று கேட்டால் நிதானமானது. எடையும் பார்க்க வேண்டும். நம்மைப் போன்ற பெண்களுக்கு 85 கிராமை ஒட்டிய பலகை போதும். அதற்கு மேல் போனால் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு சோர்ந்துவிடும்.

என் கருத்தை எதிர்ப்பவர்களில் முதல்வள் என் உயிர்த்தோழி. அவள் ஒரு சரித்திரமே வைத்திருக்கிறாள். 1952-ல் உலகப் போட்டி பம்பாயில் நடந்தது. ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ கனத்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். மற்றவர்கள் மட்டையில் பந்து ‘டொக்’கென்று கேட்கும், அவர் மட்டையில் ஒலியே எழவில்லை. ஒலியைக் கொண்டு பந்தைக் கணித்துப் பழகியவர்கள் திகைத்தார்கள். ஒற்றையர் பட்டம் அவருக்கே. பிறகு 1959-ல்தான் ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார்கள். “பார்த்தாயா, மட்டை ஜெயிக்கும்!” என்கிறாள். உண்மைதான். ஆனால் சாட்டோ ஏமாற்றியது எதிராளியின் காதை. நானோ அன்று என் கையையே ஏமாற்றிக்கொண்டேன்.

“சரத் கமல் வைத்திருப்பது என்ன, வெறும் மரமா?” என்றும் கேட்கிறாள். இன்றைய பெரிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இழை சேர்ந்த மட்டைதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சரத் கமல் சென்னையில் சிறு வயதிலேயே தம் தந்தையிடம் பயிற்சி தொடங்கியவர். 2006-ல் மெல்போர்னில் வென்ற காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தைத் தம் நாற்பதாம் வயதில், 2022-ல், பர்மிங்காமில் மீண்டும் வென்றவர். அந்தக் கைக்குள் உணர்வு ஊறிக் கிடக்கிறது. நமக்கோ வாரத்தில் மூன்று நாள், மாலை ஜெபத்துக்கு முன் நாற்பது நிமிடம். வேகம் ஒன்றே வழி என்பதும் இல்லை. 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் மணிகா பத்ரா, சிங்கப்பூரின் பெங் தியான்வெய்யையே வீழ்த்தித் தங்கம் பெற்றார். அவர் மட்டையின் ஒரு புறம் நீண்ட முளைகள் கொண்ட ரப்பர். பந்தை வேகம் குறைத்து, சுழற்சியைக் குழப்பி அனுப்புவது அது.

ஆனால் என் தோழியின் கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்கு எளிதில் பதில் வரவில்லை. “கீழே இருக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார்பன், மலைப் பிள்ளைகளுக்கு மரம் போதும் என்று நாமே சொல்லிக்கொள்ளலாமா?” என்றாள். இரண்டு நாள் இதையே நினைத்தேன். எதைக் கொடுத்தாலும் ‘உங்களுக்கு இது போதும்’ என்று கொடுக்கப்படுவதன் வலி எனக்கும் தெரியும். ‘போதும்’ என்று நான் சொல்லவில்லை. ஒரு லட்சம் ரூபாய் வந்தாலும் எட்டாம் வகுப்புப் பெண்கள் கையில் முதலில் ஐந்தடுக்கு மரத்தைத்தான் கொடுப்பேன். தள்ளவும் தடுக்கவும் சுழற்றவும் கை பழகிய பிறகு, கார்பன் அடுக்கு நடுமரத்தை ஒட்டி உள்ளே இருக்கும் வகையைக் கொடுக்கலாம். மேல்தகட்டுக்கு நேர் கீழே இருப்பதைவிட அது கைக்குச் சற்று இணக்கமானது. எங்கள் அணியில் இன்றே அதற்குத் தகுதியானவள் தள்ளி நின்று அடிக்கும் அந்தத் தோழிதான். நான் அல்ல.

இன்னொன்று. போட்டியில் இரண்டு மேசைகளில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். ஒரு கார்பன் மட்டையை நால்வர் எப்படிப் பகிர்வது? நம்மிடம் இருக்கும் மட்டைகளின் ரப்பரோ வழுக்கைத் தலை. கார்த்திகை மாதப் பனியில் உணவுக்கூடத்தின் சன்னல்கள் நனையும்போது அவற்றில் பந்து சோப்புக்கட்டி போல வழுக்குகிறது. அந்த ரப்பரைப் பத்தாயிரம் ரூபாய்ப் பலகையில் ஒட்டினாலும் அது வழுக்கத்தான் செய்யும்.

விடுமுறைக்குள் அவரவர் விருப்பத்தை எழுதித் தரும்படி விளையாட்டு ஆசிரியை கேட்டிருக்கிறார். ‘ஐந்தடுக்கு மரப் பிளேடு மூன்று, புது ரப்பர் ஆறு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பணம் சரியாக இருக்கிறது. என் தோழி ‘கார்பன் ஒன்று’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். இரண்டு தாள்களும் ஆசிரியையின் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவளுடையதுதான் மேலே இருக்கிறது.