நாலு மணி நேரம்தானா?



"சிங்கப்பூரா? நாலு மணி நேரம்தானே தம்பி!" எங்கள் அண்ணாகிராமம் பக்கம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வருகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். இதில் பாதி உண்மை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஆகாய வழியில் சுமார் 2,900 கி.மீ. மேற்கே துபாயும் ஏறக்குறைய அதே தூரம்தான். மணிக்கு 850 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்தால் மூன்றரை மணி. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்தால் நாலு.

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். இரவு 11 மணிக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்கும்போது காலை 5.30. துபாய் போனாலோ இரவு 1.30! சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னே, துபாய் ஒன்றரை மணி பின்னே. அவ்வளவுதான் சங்கதி.

தூரம் குறைந்தால் நேரம் குறையும் என்பதும் எப்போதும் சரியில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டில்லி - சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் வழியாகத் திருப்பியது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கூடுதல் தூரம். ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. காரணம், பின்னாலிருந்து தள்ளிய மேல்காற்று. சைக்கிள் மிதிக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்!

சரி, அண்ணாகிராமத்துக்காரன் கணக்கு என்ன? மீனம்பாக்கம் போக நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். மூட்டையோடு (பண்ருட்டி முந்திரி இல்லாமல் யார் போகிறார்கள்?) விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு நெரிசல். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அங்கே இறங்கி இன்னொரு பஸ். இதற்கே நாலைந்து மணி போய்விடும். விமானத்துக்கு மூன்று மணி முன்னாடியே போய் நிற்கணும். அங்கே இறங்கி, குடியேற்ற வரிசை, பெட்டி, தங்குமிடம். கூட்டினால் பதினாலு மணியைத் தொடும். ஆகாயத்தில் நாலு, தரையில் பத்து!

இது வெறும் கூட்டல் கணக்கு இல்லை. எங்கள் தெருவில் ஓர் அம்மா இறந்தபோது சிங்கப்பூரிலிருந்த மகனுக்கு அன்றைக்கே டிக்கெட் கிடைத்தது. விமானமும் நேரத்துக்கு வந்தது. அவர் தெருமுனையில் இறங்கும்போது எல்லாம் முடிந்து, ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாலு மணி நேரம்தானே என்று அவரிடம் போய் யார் சொல்வது?

1958-ல் பயணிகளை ஏற்றிச்செல்ல ஆரம்பித்த போயிங் 707-க்கும் இன்றைய விமானத்துக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வேகமாய்ப் பறந்த கான்கார்டும் 2003-ல் நின்றுபோச்சு. ஆகவே ஆகாயத்தில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, தரையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. புது விமான நிலையம் கேட்கிறவர்கள் கேட்கட்டும். நான் கேட்பது, பண்ருட்டியில் ஏறினால் விமான நிலைய வாசலில் இறக்கிவிடுகிற பஸ், ராத்திரியிலும். சிவிலும் ஆட்டோமொபைலும் படிக்கிற நாம் இதற்கு ஒரு நேர அட்டவணை போட்டு, சங்கத்தின் பெயரில் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு கொடுக்கலாம். அட்டவணையை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துக்கு நீங்கள் வாருங்கள்.