ஓட வைப்பது வேறு, சரி செய்வது வேறு



நான்கு மாதமாக அமெரிக்காவில், ஒஹாயோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். இதுவரை பனி, பூ, மான் என்று படம் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று படம் இல்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் புல்வெளி. ஓர் அளவுக்கு மேல் புல் வளர்ந்தால் ஊர் நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ் வரும். அதனால் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கக் குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். முன்னால் எஞ்சின். வயிற்றுக்கு அடியில் 42 அங்குல அகலத்தில் கவிழ்த்து வைத்த இரும்புக் கூடு, அதற்குள் சுழலும் இரண்டு கத்திகள். கூட்டை இங்கே 'டெக்' என்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. சர்வீஸ் கடைக்குப் போன் செய்தால் வண்டியை ஏற்றிப்போக ஒரு கட்டணம், பிரித்துப் பார்க்க ஒரு கட்டணம், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். "பேசாம புதுசு வாங்கிடலாமா மாமா?" என்றார். 34 வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவன் கை சும்மா இருக்குமா? "ரெண்டு நாள் டைம் கொடுங்க மாப்பிள்ளை, நான் பார்க்கிறேன்" என்றேன்.

முதலில் பேட்டரி. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, தேய்த்து, இரவெல்லாம் சார்ஜ் போட்டேன். மறுநாள் ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. இங்கே பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்தால் கெட்டுப்போய் கார்புரேட்டரில் பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும். பழையதை வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்தேன். புது ஸ்பார்க் பிளக், புது ஏர் ஃபில்டர், புது ஆயில். பிளக் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கத்திகளைத் தொட்டேன். சாணை பிடித்து, நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். சாய்ந்தால் அந்தப் பக்கம் கனம் அதிகம், வண்டி உதறும்.

எஞ்சின் ஓடியது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் கத்தியை இயக்கும் சுவிட்சை இழுத்ததும் பட்டென்று நின்றது. நான்கு தடவை செய்து பார்த்தேன், நான்கு தடவையும் நின்றது.

காரணம் சீட்டுக்கு அடியில் இருந்தது. அங்கே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று வண்டிக்குச் சொல்வது அதுதான். கத்தி சுற்றும்போது ஆள் எழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும், அதற்காக வைத்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், அமுக்கினாலும் விட்டாலும் ஒரே அளவு காட்டியது. சுவிட்ச் செத்துவிட்டது. யார் உட்கார்ந்தாலும் வண்டிக்கு அது காலி சீட்டுதான்.

இங்கேதான் தவறு செய்தேன். புது சுவிட்ச் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். புல்லோ முழங்காலை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. சுவிட்சை ஒதுக்கிவிட்டு ஒரு துண்டு ஒயரால் டைரக்டாகக் கொடுத்துவிட்டேன். வண்டி அருமையாக ஓடியது. மகள் கைதட்டினாள். ஒயர் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை புல் வெட்டிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு மரக்கிளை கிடந்தது. எப்போதும் போல வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு இறங்கினார். அவர் இறங்கினால் எஞ்சின் தானாக நின்றுவிடும், பல வருடப் பழக்கம். அன்று நிற்கவில்லை. சத்தம் ஓயாததைக் கேட்டு அவர் திரும்புவதற்குள், அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஐந்து வயதுப் பேரன் பாட்டிலோடு வண்டியை நோக்கி ஓடினான். திண்ணையில் இருந்த நான் கத்தினேன். என் குரல் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பாய்ந்து வந்து அவனைத் தூக்கிவிட்டார். வண்டிக்கும் பிள்ளைக்கும் நடுவில் பத்தடி இருந்திருக்கும்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கத்தியின் நீளம் சுமார் 21 அங்குலம். நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று. நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் வருகிறது. வட்ட இயக்கம் பாடத்தில் நானே நூறு தடவை போட்டுக் காட்டிய கணக்கு. ஒயரை முறுக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "பரவாயில்லை மாமா, நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றே ஒயரைப் பிடுங்கினேன். சுவிட்ச் 18 டாலர். அது வரும்வரை புல் வளர்ந்தது, வளரட்டும் என்று விட்டோம்.

நாமே பழுது பார்க்க வேண்டும் என்ற கட்சியிலிருந்து நான் மாறவில்லை. விவசாய இயந்திரத்தை விவசாயியே பழுது பார்க்கும் உரிமைக்குக் கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் போட்டது, 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். ஆனால் உரிமை கேட்கிற நாம் எதைப் 'பழுது' என்கிறோம்? வண்டி ஓடாததை மட்டும்தான். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காததும் பழுதுதான். அன்று நான் ஒரு பழுதை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய பழுதை வைத்துத் தைத்தேன்.

நம் ஊரில் இது புதிதா? ஈ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதையே கழற்றிவிட்டு டைரக்ட் கொடுக்கும் வீடுகள் எத்தனை! சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் நின்றுவிடும் பைக்கில் அந்த ஒயரை இணைத்துக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனை! "தொல்லை தீர்ந்தது சார்" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

"மேடு பள்ளத்தில் குலுங்கினாலே நின்றுவிடுகிறதே, கம்பெனிக்காரன் கேஸுக்குப் பயந்து வைத்தது" என்று இங்கேயும் சொல்கிறார்கள். குலுங்கி நின்றால் சுவிட்ச் தேய்ந்திருக்கும், சீட்டு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஒயர் இணைப்பு லூசாக இருக்கும். மூன்றும் சரி செய்யக்கூடியவை. கேஸுக்குப் பயந்து வைத்ததாகவே இருக்கட்டுமே, அன்று அது வேலை செய்திருந்தால் நான் கத்தியிருக்கவே வேண்டாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். அடியில் கை வைக்கும் முன் சாவியை எடுங்கள், பிளக் ஒயரைக் கழற்றுங்கள். சர்வீஸ் முடிந்ததும் பிரேக், கத்தி, சீட்டு, மூன்று சுவிட்சுகளும் வேலை செய்கின்றனவா என்று கையேட்டில் சொன்னபடி சோதியுங்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்து ஒரு ரவுண்டு போகும் ஆசை எல்லாத் தாத்தாவுக்கும் வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். 16 வயது ஆகாதவர்கள் இந்த வண்டியை ஓட்டவே கூடாது, யாரையும் உடன் ஏற்றவும் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. எதையாவது தற்காலிகமாக மாற்றி வைத்தால், ஓட்டப்போகிறவரிடம் சொல்லுங்கள். நான் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை அப்படி இறங்கியிருக்க மாட்டார்.

என் பழைய மாணவர்கள் இதைப் படிப்பீர்கள். ஃபியூஸ் போனால் தடித்த கம்பியைக் கட்டாதே என்று உங்களைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். இன்று நீங்கள் என்னை ஏற்றலாம்.

உங்கள் வீட்டில் 'டைரக்ட்' செய்து வைத்திருப்பது எது? கமெண்டில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சரி செய்யுங்கள்.