மொழி மேல பழி போடாதீங்க!



ஜெயிச்ச பாட்டைப் பற்றி எல்லாரும் எழுதுவாங்க. நான் தோற்றுப்போன ஒரு பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். அதன் பெயர் ‘ஹோரெஹ்ரோனியே’. பாடியவர் கிறிஸ்தீனா என்ற ஸ்லோவாக்கியா நாட்டுப் பாடகி.

ஸ்லோவாக்கியா ஐரோப்பாவின் நடுவில் உள்ள சின்ன நாடு. 1993 ஜனவரி 1-ல்தான் தனி நாடானது. மக்கள்தொகை ஏறக்குறைய 54 லட்சம். அங்கே ‘ஹ்ரோன்’ என்று ஒரு ஆறு. கிராலோவா ஹோலா என்ற 1946 மீட்டர் உயர மலையின் அடிவாரத்தில் பிறந்து, 298 கிலோமீட்டர் ஓடி டான்யூப் ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றின் மேல்பகுதியில் மலையும் காடுமாக இருக்கும் பகுதிக்குத்தான் ஹோரெஹ்ரோனியே என்று பெயர். அதாவது ‘மேல் ஹ்ரோன்’. பாட்டை எழுதியவர் கமில் பெத்தெராய் என்ற கவிஞர். இசை மார்ட்டின் கவுலிச்.

2010-ல் இந்தப் பாட்டு உள்நாட்டுத் தேர்வில் ஜெயிச்சு, நார்வேயின் ஓஸ்லோ நகரில் நடந்த யூரோவிஷன் போட்டிக்குப் போனது. யூரோவிஷனில் 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம். அதனால் நிறைய நாடுகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. கிறிஸ்தீனா மாறவில்லை. சொந்த மொழியிலேயே பாடினார். அரையிறுதியில் 17 பாட்டில் 16-ஆம் இடம், 24 புள்ளிதான். இறுதிச்சுற்றுக்குப் போகவே முடியவில்லை.

“ஆங்கிலத்தில் பாடியிருந்தா ஜெயிச்சிருக்கலாமே?” என்று கேட்கத் தோணும். அந்த வருஷம் முதல் பரிசு வாங்கிய ஜெர்மனியின் லேனா பாடியதும் ஆங்கிலத்தில்தான். ஆனா, நல்லா யோசிச்சுப் பாருங்க. அதே அரையிறுதியில் செர்பிய மொழிப் பாட்டும், கிரேக்கப் பாட்டும், போர்த்துகீசியப் பாட்டும் தேறி உள்ளே போயின. அந்த மொழிகள் மட்டும் எல்லாருக்கும் புரிஞ்சுதா என்ன?

இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்லோவாக்கியா 2011-ல் இரட்டைச் சகோதரிகளை அனுப்பி ஆங்கிலத்தில் பாட வைத்தது. அரையிறுதியில் 13-ஆம் இடம். கொஞ்சம் மேலேறியது உண்மைதான், இருந்தாலும் இறுதிச்சுற்று கிடைக்கவில்லை. 2012-லும் ஆங்கிலம்தான். 18 பாட்டில் கடைசி இடம்! பிறகு பல வருஷம் அந்த நாடு போட்டிக்கே போகவில்லை. ஆங்கிலம் மட்டும் காப்பாற்றிவிட்டதா?

சொந்த மொழியில் பாடி முதல் பரிசே வாங்கினவர்களும் உண்டு. 2007-ல் செர்பியாவின் மாரியா ஷெரிஃபோவிச், 2017-ல் போர்ச்சுகலின் சால்வடோர் சொப்ரால். ஆகவே தோற்றதுக்கு ராகம், குரல், மேடை என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். மொழி மேல மட்டும் பழி போடறது நியாயமே இல்லை.

இன்னொரு நல்ல செய்தி. ஹோரெஹ்ரோனியே கிராமங்களில் ஒரு பாடும் முறை இருக்கிறது. ஒருவர் முதலில் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பல குரலில் சேர்ந்து பதில் பாடுவார்கள். அதை 2017-ல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது கிறிஸ்தீனா பாடியதால் கிடைத்த பெருமை இல்லை. கிராமத்து ஜனங்கள் காலங்காலமாகப் பாடிக் காப்பாற்றியதால் கிடைத்தது. அவர்கள் மார்க்குக்காகவா பாடினாங்க?

பரிசு வாங்குவது நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தன் ஆற்றின் பெயரை, தன் மொழியில், ஐரோப்பா முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண் பாடினாரே, அது 24 புள்ளியில் அடங்கிவிடுமா? என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அடுத்த இதழில் எழுதுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி