வயலுக்கு நடுவுல ஒரு வெந்நீர்த் தொட்டி

நம்ம பக்கம் நிலம் பார்க்க வருகிற வெளியூர்க்காரங்க முன்னெல்லாம் மூணு கேள்விதான் கேப்பாங்க. தண்ணி இருக்கா, ரோடு இருக்கா, பட்டா சுத்தமா இருக்கா. இப்போ நாலாவதா ஒண்ணு சேந்திருக்கு. "அண்ணாச்சி, இங்க ஹாட் டப் வச்சா கரண்ட் தாங்குமா?"

ஹாட் டப் தெரியாதவங்களுக்குச் சொல்லுகேன். நாலஞ்சு பேர் கழுத்தளவு முங்கி உக்காரக்கூடிய பெரிய தொட்டி. தண்ணிய 38, 39 டிகிரியில வச்சுக்க ஹீட்டர், சுத்தம் பண்ண பில்டர், நாலு பக்கமும் இருந்து பீச்சியடிக்க மோட்டார். வாரக் கடைசியில வந்து அதுல உக்காந்துகிட்டு வேளிமலையப் பாக்கணும்னு ஆசை. ஆசைப்படுறது தப்பில்ல. ஆனா நாஞ்சில் நாட்டு நஞ்சையில நாலடி மண்ணடிச்சு, வீடு கட்டி, அதுக்கு முன்னால இந்தத் தொட்டிய வைக்கிறது தப்பு. இதைச் சொன்னா பொறாமைம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும். நான் பத்தாம் வகுப்பு படிச்சவன், ஒன்றரை ஏக்கர் நெல்லும் கொஞ்சம் தென்னையும் உள்ளவன். அந்தத் தொட்டிக்குக் கீழ் வயல் எனக்குள்ளது. அதனால எனக்குப் பேச உரிமை உண்டு.

இந்தத் தொட்டிக்கு மூலமே விவசாயிக்குச் செஞ்ச பம்புதான். ஜக்குஸின்னு சொல்லுதாங்களே, அது ஒரு குடும்பப் பேரு. இத்தாலியில இருந்து அமெரிக்கா போன அண்ணன் தம்பிங்க. முதல்ல விமானத்துக்கு விசிறி செஞ்சாங்க, பிறகு கலிபோர்னியா தோட்டக்காரங்களுக்குக் கிணத்து பம்பு செஞ்சாங்க. அதுல ஒரு தம்பியோட பிள்ளைக்குச் சின்ன வயசுலயே மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில கொடுக்கிற தண்ணி வைத்தியத்த வீட்டுலயே கொடுக்கலாம்னு, 1940களின் கடைசியில, குளிக்கிற தொட்டிக்குள்ள இறக்கி வைக்கிற மாதிரி ஒரு பம்ப அவர் செஞ்சார். 1968ல அதே குடும்பத்துல அடுத்த தலைமுறை ஆள் பம்பையும் தொட்டியையும் ஒண்ணாச் சேத்துட்டார். நோயாளிப் பிள்ளைக்காக வந்த சாமான் பணக்காரன் வீட்டு முற்றத்துக்குப் போன கதை இதுதான்.

மூட்டுவலிக்கு வெந்நி நல்லதுன்னு நமக்கு யாரும் வெளிய இருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்ல. பிள்ளை பெத்த பொம்பளைக்கு நொச்சி, புளியிலை, ஆமணக்கிலை எல்லாம் போட்டுக் கொதிக்கவச்சு வேதுத் தண்ணி ஊத்துறது நம்ம வீடுகள்ல நடந்ததுதான். செம்பு அண்டாவுக்கு அடியில தென்னை மட்டையும், கொதும்பும், சிரட்டையும் எரியும். ஊத்துறதுக்கு ஒரு கைதேர்ந்த கிழவி வருவா. இடுப்புல ஓங்கி அடிச்சு ஊத்துற அந்தத் தண்ணிக்கு முன்னால எந்த மோட்டாரும் நிக்காது. மிஞ்சின தண்ணி வாழை மூட்டுக்குப் போகும், சாம்பல் தென்னைக்குப் போகும். அதனால வெந்நி மேல எனக்குக் கோபம் கிடையாது.

ஆனா ஊருக்குத் தக்கபடிதான் பழக்கம். பின்லாந்துல 55 லட்சம் ஜனத்துக்கு 30 லட்சம் அளவுல நீராவிக் குளியலறை இருக்குன்னு சொல்லுதாங்க. வெளிய பனி உறைஞ்சு கிடக்குற நாடு, அவங்களுக்கு வேணும். ஜப்பான்காரன் வெளிய உக்காந்து சோப்பு போட்டு உடம்பக் கழுவின பிறகுதான் வெந்நித் தொட்டிக்குள்ள இறங்குவான், அதே தண்ணியில வீட்டுல எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் குளிப்பாங்க. அதுல ஒரு ஒழுங்கு இருக்கு. சித்திரை மாசம் நாகர்கோவில்ல மின்விசிறிக்கு அடியிலயே வேத்து வடியுது. அப்போ 39 டிகிரி தண்ணியில உக்காந்துட்டு, எந்திரிச்சுப் போய் ஏசியப் போடுறதுக்கு என்ன பேரு வைக்கன்னு எனக்குத் தெரியல.

கணக்கும் பாத்துருவோம். சின்னத் தொட்டியே 1,200 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர ஒரு டிகிரி ஏத்த ஒரு கிலோ கலோரி. 860 கிலோ கலோரி ஒரு யூனிட். 27 டிகிரியில இருக்குற போர் தண்ணிய 39க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 17 யூனிட். வாராவாரம் ஆறவிட்டு மறுபடி சூடாக்கினா ரெண்டு மாசத்துல 136 யூனிட். வீடுகளுக்கு அரசு ரெண்டு மாசத்துக்கு இலவசமாக் கொடுக்கிறது 100. பில்டர் ஓடுறது, மூடி வழியா சூடு போறது எல்லாம் இதுல சேரல. விவசாயிக்கு இலவச மின்சாரம் எதுக்குன்னு டிவியில கேக்குறவங்க, அந்தத் தொட்டியில உக்காந்து யோசிச்சுட்டு வந்து கேக்கட்டும்.

தண்ணியோட அளவ வச்சு சண்டை போட்டா நான் தோத்துப்போவேன். அதையும் மறைக்க வேண்டாம். ஒரு ஏக்கர் வயல்ல ஒரு சென்டிமீட்டர் தண்ணி நிறுத்த 40,000 லிட்டர் வேணும். முப்பது தொட்டிக்கு மேல அது. நெல்லுக்காரன் தண்ணிச் சிக்கனத்தப் பத்தி யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. ஆனா வயல்ல நிக்கிற தண்ணி அங்கயே நிக்காது. ஊறி கிணத்துக்குப் போகும், வரப்பு மடை வழியா அடுத்த வயலுக்குப் போகும், மிஞ்சினது கீழ்க் குளத்துக்குப் போகும். அது போற வழியெல்லாம் தவளையும் நண்டும் கொக்கும் பிழைக்கும். தொட்டித் தண்ணிக்கு அந்த வழி கிடையாது. அது மருந்துத் தண்ணி.

என் வயலுக்கு மேல இருந்த முப்பத்தஞ்சு சென்ட் கைமாறிச்சு. வித்தவன் மேல எனக்குக் குறை இல்ல. மகளுக்குக் கல்யாணம், நெல்லுல என்ன மிஞ்சும்? வாங்கினவர் நல்ல மனுசன், மரியாதையாப் பேசுவார். ஆனா அவர் மண்ணடிச்ச அன்னைக்கே வரப்போரம் இருந்த மடை போச்சு. நான் போய்க் கேட்டதும் ஒரு சிமெண்ட் குழாய் போட்டுத் தந்தார். சரின்னு விட்டேன். பிறகு தொட்டி வந்தது. மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா அந்தத் தண்ணிய முழுசாத் திறந்து விட்டு மாத்தணுமாம். திறந்துவிட்டது எங்க? அதே குழாயில. மறுநாள் காலையில ஓடையில தலைப்பிரட்டையெல்லாம் வெள்ள வயித்தக் காட்டி மிதந்து கிடந்தது. குளோரின் நெடி நான் வரப்புல நிக்கும்போதே மூக்கக் குத்திச்சு. போன்ல சொன்னேன். "அண்ணாச்சி, அது குடிக்கிற தண்ணியில போடுற அதே குளோரின்தான்" என்றார். அதேதான். அளவு வேற. சோறு பொங்கப் போடுற உப்பும் கருவாட்டுக்குப் போடுற உப்பும் ஒரே உப்புதான்.

பராமரிப்பு பத்தி விக்கிறவன் சொல்லமாட்டான், நான் சொல்லுகேன். வெதுவெதுப்பான தண்ணி மனுசனுக்கு மட்டுமில்ல, கிருமிக்கும் இதம். லீஜியோனெல்லான்னு ஒரு கிருமி, 1976ல அமெரிக்காவுல பிலடெல்பியா ஹோட்டல் ஒண்ணுல கூடின முன்னாள் ராணுவ வீரர்களுக்கு வந்ததால அந்தப் பேரு. 20 டிகிரிக்கு மேல 45 வரைக்கும் சொகுசா வளரும். நெதர்லாந்துல 1999ல ஒரு பூக் கண்காட்சி. அங்க விக்கிறதுக்காக ஒரு ஹாட் டப்ப ஓடவிட்டுக் காட்சிக்கு வச்சிருந்தாங்க. அதுல யாரும் குளிக்கல. பக்கத்துல நடந்து போனவங்க அந்தச் சாரல மூச்சுல இழுத்தாங்க, அவ்வளவுதான். குறைஞ்சது 32 பேர் செத்தாங்க. தோவாளை பூச்சந்தையில ஒரு நாள் காலைக் கூட்டத்த நினைச்சுப் பாருங்க, அந்த மாதிரி பூ பார்க்க வந்த சனம்.

அதனால தினம் குளோரின் அளவு பாக்கணும், காரமா புளிப்பான்னு தாள் முக்கிப் பாக்கணும், பில்டரக் கழுவணும், மூடிய மூடணும். மாசத்துல ரெண்டு நாள் வர்றவர் இதை எப்படிச் செய்வார்? பக்கத்து வயல்காரனக் கூப்பிடுவார். "நீங்க சும்மா அந்தப் பக்கம் போகும்போது ஒரு பாக்கெட்டப் போட்டுருங்க." நாத்துக்கு உரம் போடவே ஆள் கிடைக்காத ஊர்ல, தொட்டிக்கு மருந்து போட ஒரு ஆள். 2017ல ஒக்கி புயல் அடிச்சப்போ எங்களுக்குப் பல நாள் கரண்ட் இல்ல. அப்படி ஒரு வாரம் வந்தா அந்தத் தொட்டி கொசுக்குளம்தான்.

நானும் குளிக்கிறவன்தான். எங்க ஊர்க் குளத்துல, படித்துறையில. அறுப்பு முடிஞ்சு உடம்பெல்லாம் சுணை அரிக்கும்போது முங்கி எந்திரிச்சா கிடைக்கிற சுகத்த எந்தக் கம்பெனியும் விக்க முடியாது. உடனே ஒருத்தர் கேப்பார், அந்தக் குளத்துல எல்லாரும் குளிச்சாங்களா? நியாயமான கேள்வி. குளிக்கல. சாதிக்கு ஒரு துறை இருந்தது, சில சாதிக்காரங்க கரையேறக்கூட முடியாம இருந்தது. திருவிதாங்கூர்ல கோயில் கதவே 1936ல மகாராஜா விளம்பரத்துக்கு அப்புறம்தான் எல்லாருக்கும் திறந்தது. குளத்துப் படி அதுக்குப் பிறகும் சண்டை போட்டுத்தான் திறந்தது. எங்க பாட்டா காலத்த நான் பொன்னான காலம்னு சொல்லவே மாட்டேன். இத்தனை பேர் அவமானப்பட்டுப் பொதுவாக்கின தண்ணி அது. எல்லாரும் இறங்கலாம்னு ஆன பிறகு காசுள்ளவன் தன் தண்ணியத் தனியா வேலிக்குள்ள கொண்டு போயிட்டா, குளத்த யார் பாப்பா? தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடி, வீட்டுச் சாக்கடை கலந்து, இப்போ எங்க படித்துறையில துணி துவைக்கக்கூட நாலு பேர்தான் வர்றாங்க.

குளமும் கால்வாயும் தானா வந்ததில்ல. பேச்சிப்பாறை அணை 1897ல தொடங்கி 1906ல முடிஞ்சது. மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டின இஞ்சினியர் மிஞ்சின் துரையோட சமாதி அணைப் பக்கத்துலயே இருக்கு. பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் சேந்துதான் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையுது. அந்தத் தண்ணி புத்தனாறு, அனந்தனாறுன்னு பிரிஞ்சு, குளம் குளமா நிறைஞ்சு வயலுக்கு வருது. 2022ல சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கும் வேம்பனூருக்கும் ராம்சர் பட்டியல்ல இடம் கிடைச்சது, பறவை பாக்க வர்ற நீங்க போட்டோ எடுத்துட்டுப் போறீங்க. அந்தப் பறவை மேயுறது எங்க ஏலாவுல. வயல் போனா நாரை எங்க இறங்கும்? களியக்காவிளை தாண்டினா கேரளத்துல 2008லயே நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் போட்டுட்டாங்க. அதுல ஓட்டை இல்லாம இல்ல. ஆனாலும் வயல மூடுறது குத்தம்னு ஒரு காகிதத்துல எழுதியாவது இருக்கு. இங்கயும் நஞ்சைய மாத்த அனுமதி வாங்கணும். ஆனா மண் லாரி வரும் முன்னாடி அந்த அனுமதிக் காகிதத்த எங்க ஊர்ல யாரும் கண்ணால பாத்ததில்ல.

நான் சொல்றதுக்காக யாரும் ஆசைய விடப்போறதில்லன்னு தெரியும். அப்போ இதையாவது செய்யுங்க. வீடு கட்டணும்னா விளையில கட்டுங்க, வயல விட்டுருங்க. நம்ம மாவட்டத்துல தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்ல, அங்க இருந்தும் மலை தெரியும். குளிக்கணும்னா திற்பரப்பு இருக்கு, குளிர்ந்த தண்ணிதான், காசும் குறைச்சல். மூட்டு வலின்னா எங்க வீட்டுக்கு வாங்க, நொச்சி நிக்குது, அண்டா இருக்கு.

தொட்டி ஏற்கெனவே வச்சாச்சுன்னா, தண்ணி மாத்துறதுக்குச் சில நாள் முன்னாலயே மருந்து போடுறத நிறுத்துங்க. மூடியத் திறந்து வெயில்ல போடுங்க. தாள் முக்கிப் பாத்து குளோரின் இல்லன்னு தெரிஞ்ச பிறகு உங்க வளவுக்குள்ளயே, புல்லுலயோ மணல்லயோ கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. உப்பு போட்டு ஓடுற தொட்டின்னா அதுவும் வேண்டாம், தென்னை மூட்டுல ஊத்தவே ஊத்தாதீங்க. வாய்க்கால்ல மட்டும் விடாதீங்க. கன்னிப்பூவுக்கு ஜூன்ல அணை திறப்பாங்க. தண்ணி எங்க மடைக்கு வந்து சேரக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுக்குள்ள அந்தக் குழாய உங்க பக்கமாத் திருப்பி வச்சுருங்க.