கதை எப்படிம்மா இருந்தது?

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பெண்ணோ பிள்ளையோ உண்டா? அது கதைப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? "பாடப் புத்தகத்தை எடு!" என்று ஒரு அதட்டல். கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள், "போகட்டும், ஏதோ படிக்குது" என்று விட்டுவிடுவோம். "கதை எப்படி இருந்தது? பிடிச்சுதா? ஏன் பிடிக்கலே?" என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் ஊர் நூல் நிலையங்களே இதைக் கேட்கின்றன. நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு மூலை. அலமாரியில் சில நாவல்களுக்குக் கீழே சின்னச் சின்ன அட்டைகள். 'ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கீழே வைக்க மனசு வராது' என்று ஒன்றில். 'அட்டைப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்' என்று இன்னொன்றில். எழுதியது லைப்ரேரியன் அம்மாள் அல்ல. அந்த ஊர்ப் பிள்ளைகள்!

என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. அதற்கென்று ஒரு படிவம் கொடுக்கிறார்கள். கதையை நாலு வரியில் சொல்ல வேண்டும், ஆனால் முடிவைச் சொல்லக் கூடாது. பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, யாருக்குச் சிபாரிசு செய்வாய், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் — அவ்வளவுதான். சில ஊர்களில் இந்த வேலையைச் சமூக சேவைக் கணக்கிலும் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைக்கு வருமுன்பே பதிப்பகத்தார் அனுப்பி வைக்கும், பிழை திருத்தாத பிரதிகள்கூடச் சில நூல் நிலையங்களில் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடும். "ஊர்ல யாருக்கும் முன்னாடி நான் படிச்சுட்டேன் பாட்டி!" என்று அவளுக்கு ஒரே பெருமை.

இது இன்று நேற்று முளைத்த வழக்கம் அல்ல. நியூயார்க் பொது நூலகத்தில் மார்கரெட் ஸ்காகின் என்று ஒரு நூலகர் இருந்தார். 1946-ல் அவர் வானொலியில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். விமரிசகர்கள் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! பிள்ளைகளுக்கு எது நல்லது என்று பெரியவர்களே தீர்மானித்துக்கொண்டிருந்த நாளில் அவர்களையே மைக் முன்னால் உட்காரவைத்தார். 2003-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளைஞர் பிரிவு 'டீன்ஸ் டாப் டென்' என்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்தது. சிறந்த பத்துப் புத்தகங்களுக்கு ஓட்டுப் போட்டது பிள்ளைகள்தான்.

அவர்களுக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? 1967-ல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எஸ்.இ. ஹிண்டன் எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது பதினைந்து. அச்சில் வந்தபோது பதினெட்டு. தம் வயதுப் பிள்ளைகளின் நிஜ வாழ்க்கையைச் சொல்லும் கதை கிடைக்காமல்தான் அந்தப் பெண் தானே எழுதினாள். எழுதத் தெரிந்த வயதுக்கு எடை போடத் தெரியாதா?

ஆனால் இந்த விமரிசனங்களால் வேறொரு லாபமும் உண்டு. அதை நான் அங்கேதான் கண்டேன்.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதிய 'ஸ்பீக்' என்ற நாவல் 1999-ல் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொள்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு விருந்தில் பெரிய வகுப்பு மாணவன் அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான். அவள் போலீசைக் கூப்பிட்டாள். என்ன நடந்தது என்று சொல்ல நா எழவில்லை. விருந்தைக் கெடுத்தவள் என்று தோழிகள் ஒதுக்குகிறார்கள். இந்தப் புத்தகம் பள்ளிகளில் இருக்கக் கூடாது என்று அங்கே பல இடங்களில் எதிர்ப்பு வந்திருக்கிறது.

என் மகளுக்கும் அதைக் கண்டு கலக்கம்தான். பேத்தி எழுதி வைத்த விமரிசனத்தை அலமாரியில் நின்று படித்தாள். கடைசி வரி இது: 'அவள் ஏன் பேசவில்லை என்று இல்லை, யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை என்றுதான் எனக்குக் கோபம். அம்மாக்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.'

மகள் அன்று புத்தகத்தை எடுத்து வந்து இரண்டு ராத்திரியில் படித்து முடித்தாள். மறுநாள் காய் நறுக்கிக்கொண்டே, "அந்தப் பொண்ணு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தனியா நிக்கறாளே, அந்த இடம் படிக்கவே கஷ்டமா இருந்ததுடி" என்றாள். பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நானும் ரெண்டு மாசமா தனியாத்தான் சாப்பிடறேன்மா" என்றாள். தோழிகள் இருவர் அவளை விட்டு விலகிப் போயிருந்தார்கள். தினமும் "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டு, "நல்லா இருந்தது" என்ற பதிலோடு முடிந்த வீடு அது! அன்று இரவு பத்து மணி வரை இருவரும் பேசினார்கள்.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாமே! நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். புத்தகம் முடிந்ததும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். அது பரீட்சைத் தாள் அல்ல. 'பிடிக்கலே' என்று எழுதினால் வருத்தப்படாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள். காரணம் சொல்லப் பழகுவதுதான் படிப்பு. நோட்டைக் காட்ட இஷ்டமில்லை என்றால் ஒளிந்து பார்க்க வேண்டாம்.

முடிந்தால் அந்தக் கதையை நீங்களும் படியுங்கள். "இது உனக்கு நடந்ததா?" என்று நேராகப் பாய்ந்தால் வாய் மூடிக்கொள்ளும். கதையில் வருகிற பெண்ணைப் பற்றிப் பேசுங்கள். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால் தானாக வரும்.

நன்றாக எழுதிய நாலைந்தை அட்டையில் எழுதிக்கொண்டு உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், "அலமாரியில் வைக்கலாமா?" என்று குழந்தையையே கேட்கச் சொல்லுங்கள். தான் சொன்னதை நம்பி இன்னொரு பிள்ளை புத்தகம் எடுத்துப் போவதைப் பார்க்கும்போது அந்த முகத்தில் வரும் களை இருக்கிறதே, அதை நீங்களே போய்ப் பாருங்கள்.